தம்பி, முதலில் அந்தக் கெரானை (வண்டிப் பதிவுச் சான்றிதழை) எடுத்துப் படியுங்கள்

சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர், ஆனால் தோட்டத்து ஆட்கள் பலர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், அவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பெயரும் வேலையிடமும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டையும் எடுத்துவிட்டேன், மற்ற விவரங்களிலும் ஆள் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. வயது 24. அப்பா செம்பனையில் குலை வெட்டுகிறவர். இவருக்கு ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, போக வர தினமும் 60 கிலோமீட்டருக்குக் குறையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தங்கையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் காலேஜில் விடுகிறார். வண்டி யமஹா ஒய்15இசட்ஆர், ஹைர் பர்ச்சேஸில் எடுத்தது, இன்னும் 14 மாதம் தவணை பாக்கி, ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அப்பா. இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தாண்ட முடியவில்லை, அதனால் இன்ஜினின் சிலிண்டர் ப்ளாக்கை மாற்றி 62 மில்லிமீட்டர் பிஸ்டன் போடலாம் என்று டவுனில் ஒரு பட்டறையில் பேசியிருக்கிறார். மொத்தம் 1,850 வெள்ளி (ரிங்கிட்). 500 வெள்ளி முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அடுத்த மாதம் மாட்டுவதாகப் பேச்சு. வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவர் முடித்திருப்பது இப்படி: "அக்கா, எனக்கு ரேஸ் ஓடுற ஆசையெல்லாம் இல்லை. எங்க ஏரியாவில் எல்லாரும்தான் போர் அப் பண்றாங்க. பி2 லைசென்ஸ் 250 வரைக்கும் ஓட்டலாம், இன்ஜின் நம்பர் மாறப்போறதில்லை, உள்ளே இருக்கிற பிஸ்டனை யாரும் பார்க்கப்போறதில்லை. ஆனா ஆக்சிடெண்ட் ஆனா இன்சூரன்ஸ் ஒரு காசும் தராதுன்னு ஒரு நண்பர் சொல்றார், சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) தராதுன்னு கூட வேலை செய்றவர் சொல்றார். எது உண்மை? மாட்டலாமா, வேண்டாமா?"

வேண்டாம், தம்பி. கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது தப்பான கேள்வி இல்லை, வீட்டுக்குத் தெரியாமல் மாட்டிவிட்டு அப்புறம் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் மாட்டுவதற்கு முன்னால் எழுதியிருக்கிறீர்கள். நானும் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். பால்மரக் காட்டுக்கு அப்பா ஓட்டிப்போன சின்ன ஹோண்டாவில் அவருக்கு முன்னால் டேங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனேன். தோட்டத்துப் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் என்றால் வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாமே அதுதான் என்று எனக்குத் தெரியும். வண்டி இழுக்கவில்லை என்றால் அது உண்மையான கஷ்டம்.

அந்த 5 மில்லிமீட்டர் என்ன செய்கிறது

சட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், ஏனென்றால் பட்டறையில் "சும்மா 5 மில்லிமீட்டர்தான்" என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது பிஸ்டன் குறுக்களவு 57 மில்லிமீட்டர், அது ஏறி இறங்குகிற தூரம் 58.7 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 150 சிசிக்கு ஒரு முடி குறைவு. அதே ஏற்ற இறக்கத்தில் பிஸ்டனை மட்டும் 62 ஆக்கினால் 177 சிசி வந்துவிடும். குறுக்களவில் 5தான் கூடுகிறது, கொள்ளளவு கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடிவிடுகிறது, ஏனென்றால் அங்கே பெருகுவது வட்டத்தின் பரப்பு. பழைய எல்சி135க்கும் ஒய்15க்கும் இந்த ஏற்ற இறக்கத் தூரம் ஒன்றேதான், 54 பிஸ்டனை 57 ஆக்கியதில்தான் 135 வண்டி 150 ஆனது. அதாவது, கம்பெனியே 15 சிசி கூட்டுவதற்கு ஒரு புது மாடலே இறக்கியது, பிரேக், கிளட்ச், ரேடியேட்டர், ஃப்யூல் இன்ஜெக்ஷன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து. பட்டறையில் ஒரு மத்தியானத்தில் அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கூட்டப்போகிறார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் விபத்துக் கேஸ்களில் இன்ஜினைப் பிரித்துப் பார்த்த அறிக்கைகள் நிறையப் படித்தாகிவிட்டது, அதில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று உண்டு. கார்புரேட்டர் காலத்தில் ஜெட்டை மாற்றிச் சமாளிப்பார்கள். உங்கள் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்வது இசியு என்கிற சின்னக் கம்ப்யூட்டர், அது 150 சிசிக்கு எழுதப்பட்டது. ப்ளாக்கை மட்டும் மாற்றிவிட்டு அதைத் தொடாமல் விட்டால் காற்று அதிகம் போகும், பெட்ரோல் போதாது, இன்ஜின் அளவுக்கு மேல் சூடேறும், ஒரு நாள் பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். அது ஓடும்போதுதான் பிடிக்கும் தம்பி, நிற்கும்போது பிடிக்காது. பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும்போது பின்னால் உங்கள் தங்கை உட்கார்ந்திருப்பார், அந்தப் பக்கம் லோரி வந்துகொண்டிருக்கும்.

லைசென்ஸ் சரி, கெரான் சரியில்லை

நீங்கள் சொன்னதில் சரியானதை முதலில் சொல்கிறேன். பி2 லைசென்ஸ் 250 சிசி வரைக்கும் செல்லும், 177 ஆனாலும் நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர் ஆகமாட்டீர்கள். இன்ஜின் நம்பரும் மாறாது, அது அடித்திருப்பது கீழே கிரான்க் கேஸில், நீங்கள் மாற்றுவது மேலே உள்ள சிலிண்டர் ப்ளாக்கை.

ஆனால் இன்ஜின் நம்பர் மாறவில்லை என்பதால் எதுவும் மாறவில்லை என்று நினைப்பதில்தான் தப்பு வருகிறது. வண்டியின் கெரானைக் கையில் எடுத்துப் பாருங்கள். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரோடு இன்ஜின் கொள்ளளவு என்றும் ஒரு இடம் இருக்கும், அதில் உங்கள் வண்டி எத்தனை சிசி என்று எழுதியிருக்கும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவில் இருக்கிற ஒரு விவரம் உண்மையில்லாமல் போகிற மாதிரி வண்டியில் எதையாவது மாற்றினால் அதை ஜேபிஜேக்கு (சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு) தெரிவித்து, ஒப்புதல் வாங்கி, பதிவைத் திருத்த வேண்டியது சொந்தக்காரரின் கடமை. விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்றால், காகிதத்தில் இருக்கிறது. ஆனால் டவுன் பட்டறையில் மாட்டுகிற கிட்டுக்கு அப்படி ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்த ஒரு ஆளைக்கூட என் அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை. உங்களிடமும் பட்டறைக்காரர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

சாலை வரியும் இதோடுதான் வருகிறது. தீபகற்ப மலேசியாவில் 150 சிசி வரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கு வருஷத்துக்கு 2 வெள்ளி, 151லிருந்து 200 வரை 30 வெள்ளி. 28 வெள்ளி ஒரு பெரிய பணமா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் 150க்கு வரி கட்டிவிட்டு 177 ஓட்டுகிறீர்கள் என்பது பின்னால் ஒரு நாள் யாராவது உங்களை நேர்மையில்லாதவர் என்று காட்ட நினைக்கும்போது முதலில் எடுத்து நீட்டுகிற தாளாகிவிடும்.

"உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்" என்பதை நம்பாதீர்கள். பல கிட்டுகளில் ப்ளாக்கின் பக்கவாட்டிலேயே கம்பெனிப் பெயரைப் பெரிதாக வார்த்திருப்பார்கள், குனிந்து டார்ச் அடித்தால் தெரியும். சாலைத் தடுப்பில் போலீஸோ ஜேபிஜேயோ சந்தேகப்பட்டால் சட்டத்தின் 64வது பிரிவின்படி வண்டியைப் பறிமுதல் செய்து கொண்டுபோகலாம், ரெம்பிட் என்கிற ரோட்டு ரேஸ்காரர்களைப் பிடிக்கிற நடவடிக்கைகளில் மாற்றிய வண்டிகளை லோரியில் ஏற்றுவது பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான். நீங்கள் ரெம்பிட் இல்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற உங்களுக்கும் அவர்களுக்கும் அந்தத் தடுப்பில் வித்தியாசம் தெரியாது, வண்டி காவல் நிலையத்துப் பின்பக்கம் கிடக்கிற நாட்களில் வேலைக்கு எதில் போவீர்கள்?

இன்சூரன்ஸ்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது, இரண்டும் தப்பு. ஒன்று, மாற்றிய வண்டிக்கு இன்சூரன்ஸ் மொத்தமாகச் செல்லாது. இன்னொன்று, மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் எப்படியும் கொடுத்துத்தான் ஆகவேண்டும், அதனால் கவலை இல்லை.

நம் நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது, உங்கள் வண்டியால் இன்னொருவருக்கு ஏற்படும் உயிர் இழப்புக்கும் உடல் காயத்துக்குமான பாதுகாப்பை. அந்த அளவில், "வண்டியின் நிலை சரியில்லை", "குதிரைத்திறன் வேறு" என்பது போன்ற நிபந்தனைகளைக் காட்டி அடிபட்டவரைக் கைவிட முடியாதபடி அதே 1987 சட்டம் 95வது பிரிவில் தடுத்து வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ரோட்டில் நடந்துபோன ஒரு பாட்டிக்கு, உங்கள் பிஸ்டன் அளவு என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதே பிரிவின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது: இந்தப் பிரிவினால் மட்டுமே கம்பெனி கட்ட நேர்ந்த பணத்தை, காப்பீடு எடுத்தவரிடமிருந்து அது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேரும். பில் உங்கள் வீட்டுக்கு வரும்.

ஒரு கேஸ் சொல்கிறேன். வேறு தோட்டம், வேறு தம்பி, உங்களை விட ஒன்றிரண்டு வயது சின்னவர். சாயங்காலம் கோயில் முனையில் ஒரு தாத்தா சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டார், இடுப்பெலும்பு உடைந்தது. தம்பி கண்மண் தெரியாமல் வந்தார் என்று சாட்சி சொன்னவர்கள்கூட யாரும் சொல்லவில்லை. வண்டி காவல் நிலையத்துக்குப் பின்னால் நின்றது. விபத்தை விசாரிக்க இன்சூரன்ஸ் அனுப்பிய அட்ஜஸ்டர் ஒரு மெக்கானிக்கோடு வந்து சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார். அந்த அறிக்கையில் இருந்த போட்டோ எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது: எண்ணெய் வழிகிற ஓட்டையின் குறுக்கே ஒரு வெர்னியர் காலிப்பர், பக்கத்தில் ஒரு துண்டுத் தாள், அதில் நீலப் பேனாவால் எழுதிய அளவு, கீழே கெரானில் இருக்க வேண்டிய அளவு. இரண்டு எண். அவ்வளவுதான். தாத்தாவின் மருத்துவச் செலவையும் நஷ்டஈட்டையும் கம்பெனி கொடுத்தது, பிறகு தம்பிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்போதுதான் அவர் என்னிடம் வந்தார். தவணையாகக் கட்ட ஒரு ஏற்பாட்டுக்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை, இன்றைக்கும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த ப்ளாக் கிட் வாங்க அவர் கொடுத்தது 900 வெள்ளி.

இன்னொருவரின் காரோ கடையோ சேதமானால் நிலைமை இன்னும் இறுக்கம், ஏனென்றால் பொருள் சேதம் அந்தக் கட்டாயப் பாதுகாப்புக்குள் வராது, பாலிசியின் நிபந்தனையைக் காட்டி அங்கே கை விரித்துவிடலாம். உங்கள் சொந்த வண்டிக்கும் அப்படித்தான். அதோடு, பாலிசியைப் புதுப்பிக்கும்போது வண்டியில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்து, தெரிந்தே இல்லை என்று சொல்லியிருந்தால், 2013 நிதிச் சேவைகள் சட்டத்தின் கீழ் பாலிசியையே மறுக்க அவர்களுக்கு வழி திறக்கும்.

தங்கையைப் பற்றி. பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கான காப்பீட்டைப் பொதுவாகச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. இது ப்ளாக் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் உள்ள நிலைமை, நிறையப் பேருக்குத் தெரியாது. உங்கள் பாலிசியில் பின்னால் உட்காருபவர் என்ன நிலைமையில் இருக்கிறார் என்று இன்றைக்கே எடுத்துப் படியுங்கள், புரியவில்லை என்றால் ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று தெரிந்தால் தங்கையின் பெயரில் ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்து வையுங்கள்.

தப்பு உங்கள் மேல் இல்லாமல், லோரிக்காரர் வந்து உங்களை இடித்தால்? அப்போது நஷ்டஈடு கேட்பது நீங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் உங்கள் 177ஐக் கிளப்புவார். மாற்றிய இன்ஜின் என்ற ஒரே காரணத்தால் உங்கள் கேஸ் தோற்றுவிடாது, அந்த மாற்றம்தான் விபத்துக்குக் காரணமா, நீங்களும் கவனக்குறைவாக இருந்தீர்களா என்று நீதிமன்றம் பார்க்கும். பங்கு இருக்கிறது என்று முடிவானால் 1956 சிவில் சட்டத்தின்படி அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு மீதிதான் கிடைக்கும். ஒழுங்கான வண்டியோடு போயிருந்தால் இந்த வாதமே வந்திருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம்.

சொக்சோ விஷயத்தில் உங்களோடு வேலை செய்கிறவர் சொன்னது தப்பு, அதை நம்பி நாளைக்கு யாரும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவில் போக வர நடக்கும் விபத்து சொக்சோவில் வேலைக் காயமாகத்தான் கணக்கு, தப்பு யார் மேல் என்று பார்த்துக் கொடுக்கிற திட்டம் இல்லை அது. ஆனால் வழியைவிட்டு விலகிச் சொந்த வேலையாக வேறு எங்காவது போயிருந்தால் சிக்கல் வரும். தங்கையைக் காலேஜில் விடுவதற்காகச் சுற்றிப் போகிற நாட்களில் அந்தக் கேள்வி எழலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். எந்த விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கொடுத்துவிடுங்கள்.

அந்த வண்டி இன்னும் முழுதாக உங்களுடையது இல்லை

கடிதத்தில் இதை நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். ஹைர் பர்ச்சேஸ் என்றால் கடைசித் தவணை கட்டுகிற வரைக்கும் சட்டப்படி வண்டியின் உரிமையாளர் பணம் கொடுத்த கம்பெனிதான், நீங்கள் வாடகைக்கு வைத்திருப்பவர். அடுத்தவர் பொருளை அவரைக் கேட்காமல் பிரித்து மாற்றுவதற்கு ஒப்பந்தத்தில் தடை இருக்கும், உங்கள் பிரதியில் அதைத் தேடிப் பாருங்கள். வண்டி பறிமுதலாகிக் கிடந்தாலும், பிஸ்டன் பிடித்து நின்றுபோனாலும் தவணை நிற்காது. நீங்கள் கட்டாமல் விட்டால் அவர்கள் அடுத்து போன் போடுவது ஜாமீன் போட்டவருக்கு.

உங்கள் அப்பாவுக்கு, தம்பி. உச்சி வெயிலில் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து குலை வெட்டுகிற மனிதருக்கு. அவர் அந்தக் கையெழுத்தைப் போட்டது 150 சிசி வண்டிக்கு.

அப்போ லோரியை எப்படித் தாண்டுவது?

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதில் பிரயோஜனம் இல்லை. வண்டி வாங்கிய புதிதில் இரண்டு பேரோடு இழுத்ததா, இப்போதுதான் இழுக்கவில்லையா? தினமும் 60 கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 18,000 ஓடியிருக்கும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வ் இடைவெளி, கிளட்ச் தட்டு, செயின், டயர் காற்று, இவற்றில் இரண்டு மூன்று தேய்ந்திருந்தாலே வண்டி சோம்பிப் போகும். கம்ப்ரெஷன் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்திருந்தால் அசல் அளவிலேயே ரிங்கோ பிஸ்டனோ மாற்றினால் போதும், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், கெரானில் ஒரு எழுத்தும் மாறாது. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தாலும் ஏற்றத்தில் இழுவை கூடும், கடைசி வேகம் கொஞ்சம் குறையும். உங்களுக்கு வேண்டியது இழுவைதானே.

அதுவும் போதவில்லை என்றால் 14 மாதம் பொறுங்கள். தவணை முடிந்ததும் இதை நல்ல விலைக்கு விற்று (மாற்றாத இன்ஜினுக்குத்தான் விலை நிற்கும்), கம்பெனியிலிருந்தே பெரிய இன்ஜினோடு வருகிற வண்டிக்கு மாறலாம். உங்கள் பி2 லைசென்ஸிலேயே 200, 250 சிசி வண்டிகள் ஓட்டலாம், வரி 30லிருந்து 50 வெள்ளி. கூடுகிற சக்திக்கு ஏற்ற பிரேக்கும் டயரும் அதிலேயே வரும், கெரானிலும் உண்மையே எழுதியிருக்கும்.

லோரியைத் தாண்டுவது பற்றி ஒன்று சொல்லலாமா? நான் பார்த்த தோட்டப்புறச் சாலை விபத்துகளில் பல, வண்டிக்குச் சக்தி இல்லாமல் நடந்தவை அல்ல. லோரி வலது பக்கம் தோட்டப் பாதைக்குத் திரும்பப்போகும்போது அதை வலது பக்கமே தாண்டியவை. குலை லோரி வேகம் குறைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், லாத்தெரைட் (செம்மண்) பாதை எங்கே பிரிகிறது என்று அந்த ஊரிலேயே பிறந்த உங்களுக்குத் தெரியும். 10 நிமிஷம் முன்னால் கிளம்ப முடியுமா என்று பாருங்கள்.

இன்ஜினைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஆசை உள்ளுக்குள் இருந்தால் அதுவும் குற்றம் இல்லை. 1994லிருந்து நம் நாட்டில் கப் ப்ரிக்ஸ் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது, காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளை இழைத்து இழைத்து வேகமாக்கிய மெக்கானிக்குகள் அதில் உருவானார்கள். அந்த வண்டிகள் லோரியில் ஏறிப் பந்தயத் தடத்துக்கு வரும், லோரியிலேயே வீட்டுக்குப் போகும். பொது ரோட்டுக்கு வருவதில்லை.

அந்த 500 வெள்ளி

பணம் போனால் போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன், 500 வெள்ளி சம்பாதிக்க எத்தனை ஷிப்ட் என்று எனக்குத் தெரியும். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். மனது மாறிவிட்டது, மாட்ட வேண்டாம், அந்தப் பணத்துக்கு முழு சர்வீஸும் ஸ்ப்ராக்கெட்டும் செய்து கொடுங்கள் என்று கேளுங்கள். கிட் இன்னும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஒரே டவுனில் நாளைக்கும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள்தானே. பேசியதை வாட்ஸாப்பில் ஒரு வரியாக எழுதி அனுப்பி, அவர் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது, நீங்களே பேச வேண்டியதுதான். நேர்மையாகச் சொன்னால், உங்கள் பக்கம் முழு பலமான வழக்கு இல்லை, ஏனென்றால் பட்டறைக்காரர் தப்பாக எதுவும் இன்னும் செய்யவில்லை, பின்வாங்குவது நீங்கள். ஆனால் "ஜேபிஜே பிரச்னை ஒன்றும் வராது, தைரியமாகப் போடலாம்" என்று அவர் மெசேஜில் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். பொருளையோ சேவையையோ பற்றித் தவறாக நம்பவைத்து விற்பதை 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, அந்த ஒரு மெசேஜ் உங்கள் நிலைமையை மாற்றிவிடும்.

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் மாட்டியிருந்தால், பயப்படாமல் பழைய ப்ளாக்கையும் பிஸ்டனையும் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிவிடுங்கள், பழைய இரும்புக்காரரிடம் போக விடாதீர்கள். திரும்ப மாட்டிய ரசீதில் தேதியும் வண்டி நம்பரும் எழுதி வாங்குங்கள். அதுவரைக்கும் தங்கை பஸ்ஸில் போகட்டும்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் "வீட்டில் தெரியாது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் ஜாமீன்தாரர், அவருக்குத் தெரிய உரிமை இருக்கிறது. சாப்பாட்டுக்கு உட்காரும்போது கெரானையும் ஒப்பந்தத்தையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது அப்பா என்று ஆரம்பியுங்கள், மீதியை அவரே கேட்பார். ஒப்பந்தத்தில் புரியாத இடம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இதே முகவரிக்கு அனுப்புங்கள், பெயரையும் ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் மட்டும் மறைத்துவிடுங்கள்.